புதுப்பிப்பு: கிளிநொச்சியிலிருந்து திருச்சிக் கல்யாணத்துக்குப் போய் வந்தோம்

மச்சாளின் கல்யாணத்துக்குத் திருச்சி போக என்னென்ன ஆயத்தம் செய்ய வேண்டும் என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஒன்பது பேரும் நல்லபடியாகப் போய்த் திரும்பிவிட்டோம்.

பெரிய பாடம் விசாவில்தான். பெரியம்மாவின் இணைய விசா விண்ணப்பத்தில் அடையாள அட்டையில் உள்ளபடி பெயரை நிரப்பிவிட்டோம். கடவுச்சீட்டில் தகப்பன் பெயரின் எழுத்துக்கூட்டல் வேறு. திரும்ப விண்ணப்பிக்க வேண்டி வந்தது. முதலில் கட்டிய காசு திரும்பக் கிடைக்காது. பாவம், அவர் இரண்டு இரவு நித்திரை கொள்ளவில்லை. ஆகவே கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள். அது குறைந்தது 6 மாதம் செல்லுபடியாகவும் இருக்க வேண்டும். விசா அனுமதியை அச்சிட்டு ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிடுங்கள், வயதானவர்களுக்குக் கட்டாயம்.

யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலிருந்து நேரே பறந்ததால் கொழும்பு அலைச்சல் இல்லை. நேர வித்தியாசமும் இல்லை. ஆனால் நம்முடைய சதுர முனைச் சார்ஜர் அங்கே சுவரில் பொருந்தாது, அடாப்டர் எடுத்துப் போங்கள்.

அப்புறம், முகூர்த்தம் விடிய 6 மணிக்கு. முதல் நாளே மண்டபத்துக்குக் கிட்ட தங்கியது பெரிய உதவி.