அமெரிக்கா: அப்பா, அம்மா இருவருக்கும் கம்பெனி இன்சூரன்ஸ். பிள்ளையின் பில் முதலில் யாருக்கு?

கேள்வி:
ஆறு வயதுப் பையன் இரண்டு பிளானிலும் டிபெண்டன்ட் (பெற்றோர் மூலம் கவரேஜ் பெறுபவன்). அப்பாவின் கார்டைக் கொடுத்தால் கிளெய்ம் திரும்பி வருகிறது. விவாகரத்து ஆனாலோ ஒருவருக்கு வேலை போனாலோ என்ன மாறும்?

பதில் 1:
பிறந்தநாள் விதிதான் காரணமாக இருக்கும். பெற்றோரில் யார் பிறந்தநாள் வருடத்தில் முன்னால் வருகிறதோ, அவர் பிளான்தான் பிரைமரி, அதாவது பில்லை முதலில் கட்டும் பிளான். மாதமும் தேதியும்தான் கணக்கு; யார் வயதில் மூத்தவர் என்று பார்ப்பதில்லை. அம்மா மார்ச் 14, அப்பா செப்டம்பர் 2 என்றால் அம்மாவின் கார்டு முதலில். அங்கிருந்து வரும் ஈஓபியை (எவ்வளவு கட்டினார்கள் என்ற விவரத் தாள்) இணைத்து அப்பாவின் பிளானுக்கு அனுப்ப வேண்டும். இருவருக்கும் ஒரே தேதி என்றால் எந்த பிளான் தன் பெற்றோருக்கு அதிக நாளாகக் கவரேஜ் தருகிறதோ அது. இரண்டு இன்சூரன்ஸுக்கும் போன் போட்டு, பையனுக்கு இன்னொரு பிளானும் உண்டு என்று பதிந்துவிடுங்கள். அது தெரியாமல் கிளெய்மை நிறுத்தி வைப்பது வழக்கம்.

இரண்டாவது பிளான் மிச்சத்தை எல்லாம் கட்டும் என்று நம்ப வேண்டாம். பிரைமரி கட்டியதைத் தன் பங்கிலிருந்து கழித்துக்கொண்டு, சில பிளான்கள் ஒன்றுமே தருவதில்லை. அதற்காக இரண்டு பிரீமியம் கட்டுவது பல வீடுகளில் தண்டம்.

பதில் 2:
விவாகரத்தில் முதலில் கோர்ட் உத்தரவைப் பாருங்கள். இன்னார்தான் இன்சூரன்ஸ் தர வேண்டும் என்று எழுதியிருந்தால் அவர் பிளான் பிரைமரி. கூட்டுப் பொறுப்பு என்று மட்டும் இருந்தால் மறுபடி பிறந்தநாள் விதி. உத்தரவே இல்லையென்றால் பிள்ளை யாரிடம் வளர்கிறதோ அவர், பிறகு அவருடைய புதுத் துணை, அதன்பிறகுதான் மற்றவர்.

மறுமணம் செய்தவர்கள் கவனிக்க: துணைவரின் பிளானில் உங்கள் பிள்ளை இருந்தால், அந்தத் திருமணம் முறியும்போது பிள்ளையின் கவரேஜும் போகலாம். 60 நாளுக்குள் பிளானுக்குத் தெரிவித்தால் 36 மாதம்வரை கோப்ரா (பிரீமியத்தை நீங்களே கட்டி அதே கம்பெனி இன்சூரன்ஸைத் தொடரும் உரிமை) கிடைக்கும்.

பதில் 3:
வேலை போனால் நாட்களை எண்ணுங்கள். கவரேஜ் முடிந்து 30 நாளுக்குள் மற்றவரின் ஹெச்ஆரிடம் கேட்டால், அந்த பிளானில் இல்லாத பிள்ளையை வருட நடுவிலேயே சேர்க்கலாம். தவறினால் பெரும்பாலும் ஓப்பன் என்ரோல்மென்ட் (வருடாந்திரச் சேர்க்கைக் காலம்) வரை காத்திருக்க வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ உள்ள கம்பெனியில் கோப்ரா 18 மாதம். முழு பிரீமியத்தில் 102% வரை கேட்பார்கள், ஆனால் பிள்ளைக்கு மட்டும் தனியாக எடுக்கலாம். வருமானம் குறைந்திருந்தால் முதலில் மெடிக்கெய்ட், சிப் (குறைந்த வருமானக் குடும்பங்களுக்கும் பிள்ளைகளுக்குமான அரசு இன்சூரன்ஸ்) பாருங்கள். வருடம் முழுக்க விண்ணப்பிக்கலாம். 2024 ஜனவரியிலிருந்து, 19 வயதுக்குக் கீழே சேர்ந்த பிள்ளைக்கு, இடையில் சம்பளம் ஏறினாலும் 12 மாதம் நிறுத்த மாட்டார்கள்.