மொறிஸ் மைனர் பின்சில்லு: றம்மை ஹப்பிலிருந்து கழற்றுவது பற்றி

அன்பின் ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

ஊரில் தகப்பனார் விட்டுச்சென்ற மொறிஸ் மைனர் காரின் பின்சில்லுப் பிறேக் றம் (பிறேக்கை மூடிச் சுழலும் இரும்புக் கிண்ணம்) ஹப்போடு (சில்லு பூட்டப்படும் நடுப்பகுதி) இறுகிக் கழல மறுக்கிறதென்று சென்ற கிழமை எழுதிய தம்பிக்கு இந்த மடல். பெரிய சுத்தியலால் அடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அடிக்க வேண்டாம். இங்கே இங்கிலாந்தில் நான் வைத்திருக்கும் மைனரில் அதைத்தான் செய்தேன். மூன்றாவது அடியில் றம்மின் விளிம்பிலிருந்து பெருவிரல் நகமளவு துண்டு தெறித்துக் கராஜின் மூலைக்குப் போயிற்று. வார்ப்பிரும்பு நெளிந்து கொடுக்காது, உடைந்துவிடும். உடைந்த பிறகு பார்த்தால், அந்த றம் கறளால் இறுகியிருக்கவேயில்லை. உள்ளே பிறேக் ஷூதான், அதாவது விரிந்து றம்மை அழுத்தும் வளைந்த தகடுதான், பிடித்துக்கொண்டிருந்தது.

பல ஆண்டுகள் ஓடிய றம்மில் லைனிங் (ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டை) உராயும் இடம் தேய்ந்து பள்ளமாகி, உள்விளிம்பில் தேயாத ஒரு வரம்பு நின்றுவிடும். ஷூ அந்தப் பள்ளத்துக்குள் விரிந்து நிற்கும்வரை, வெளியே எவ்வளவு இழுத்தாலும் வரம்பு ஷூவில் தட்டி நிற்கும். ஆகவே முதலில் முன்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, அச்சுக்கு அடியில் உறுதியான தாங்கி கொடுத்து, ஹான்ட் பிறேக்கை முழுவதும் விடுவியுங்கள். மைனரில் அது பின்சில்லுகளை மட்டுமே பிடிப்பது. பிறகு றம்மின் முகத்திலுள்ள துளை அட்ஜஸ்ரருக்கு (ஷூவை றம்மோடு நெருக்கவும் விலக்கவும் உள்ள திருகு) நேரே வரும்வரை றம்மைச் சுழற்றி, நீளமான ஸ்குறூ றைவரால் இறுகும் திசைக்கு எதிராகத் திருப்புங்கள். பின்சில்லுக்கு ஓர் அட்ஜஸ்ரர், முன்சில்லுக்கு இரண்டு. றம் தடையின்றிச் சுழன்றால் ஷூ விட்டுவிட்டது என்று கொள்ளலாம்.

அடுத்தது, றம்மை ஹப்போடு சேர்க்கும் இரண்டு தட்டைத்தலை ஸ்குறூக்கள். கறளும் பெயின்ற்றும் மூடிக் கிடந்தால் அவை கண்ணுக்கே தெரியாது. கம்பித்தூரிகையால் தேய்த்துத் தேடுங்கள். அடித்துத் திருப்பும் வகை ஸ்குறூ றைவர் இல்லாமல் இவற்றைத் தொட்டால் தலை சிதையும். சிதைந்துவிட்டாலும் கவலையில்லை: தலையை மட்டும் துளைத்து எடுத்துவிட்டால், றம் கழன்றபின் எஞ்சிய தண்டைப் பிடித்துத் திருப்பிவிடலாம். பக்கத்தில் அரைஅச்சின் (சில்லைச் சுழற்றும் தண்டு) விளிம்பைப் பிடிக்கும் தனி ஸ்குறூ ஒன்று உண்டு, அதைத் தொடவேண்டாம். அரைஅச்சு அசைந்து உள்ளேயுள்ள கடதாசி ஜொயின்ற் கிழிந்தால், கியர் ஒயில் லைனிங்கில் இறங்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் வராவிட்டால்தான் கறளைக் குற்றஞ்சாட்ட வேண்டும். அது றம்மின் நடுத்துளை ஹப்போடு பொருந்தும் வளையத்தில்தான் இருக்கும். நம் ஊர்க் கடற்காற்றில் பல மாரிகள் நின்ற கார் என்றால் சொல்லவே வேண்டாம். அந்த வளையத்தைச் சுற்றி ஊடுருவும் எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டு ஓர் இரவு வையுங்கள். மறுநாள் செப்புச் சுத்தியல் அல்லது மரக்கட்டை வைத்து, சில்லு போல்ற்றுகளுக்கு இடைப்பட்ட முகத்தில் சுற்றிச் சுற்றி இலேசாகத் தட்டுங்கள்; விளிம்பில் தட்டாதீர்கள். அதற்கும் அசையாவிட்டால் ஒட்டிய எண்ணெயைத் துடைத்துவிட்டு, நடுத்துளையைச் சுற்றி றம்மை மட்டும் விரைவாகச் சூடாக்குங்கள். 60 மி.மீ. அகலத் துளை ஒன்று ஹப்பைவிட 100 பாகை செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ 0.07 மி.மீ. விரியும், கறளின் பிடி விட அதுவே பெரும்பாலும் போதும். நெருப்பை நீண்டநேரம் பிடித்தால் உள்ளேயுள்ள சிலிண்டர் றப்பர் கருகும். புல்லர் (திருகித் திருகி இழுத்துக் கழற்றும் கருவி) போட்டு இழுப்பதென்றால், அது றம்மைத்தான் இழுக்கிறதா, ஹப்பையும் சேர்த்து பெயாரிங்கிலிருந்து பிடுங்குகிறதா என்று ஒவ்வொரு திருப்புக்கும் பாருங்கள்.

றம் கழன்றதும் உள்ளேயிருக்கும் தூசியை ஊதவோ காற்றடிக்கவோ கூடாது. பழைய லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் இருந்தது. பிரித்தானியாவில் அது முற்றாகத் தடைசெய்யப்பட்டது 1999இல்தான். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி எறியுங்கள். திரும்பப் பூட்டும்போது ஹப் வளையத்தில் மட்டும் செப்புக் கிறீஸ் மெல்லியதாகப் பூசினால் அடுத்தமுறை கையாலேயே வரும்.

முன்றம்மையும் மாற்ற நினைத்தால் உள்விட்டத்தை அளந்து எழுதுங்கள். பின்றம் எப்போதும் ஏழு அங்குலம். முன்றம் 1962இல் 1098 சிசி இயந்திரம் வந்தபோது எட்டு அங்குலமாயிற்று. அளவு தெரிந்தால் மார்கழியில் ஊருக்கு வரும்போது நானே கொண்டுவருவேன்.