பாட்டில் மூடியின் 'லைனர்': தமிழ்ச்சொல் தேவை

ஆய்வக ஆசிரியை:
வணக்கம். ஆய்வக உதவியாளர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கண்ணாடி பாட்டிலில் நீர்க்கரைசலை உறையவைக்கும் பகுதியில் நிற்கிறேன். உறையும்போது தண்ணீரின் பருமன் ஏறக்குறைய 9 விழுக்காடு கூடும். அதற்கு இடம் விட்டு நிரப்ப வேண்டும், உறைந்து முடியும்வரை மூடியை இறுக்கக் கூடாது. இதுவரை எழுதியாயிற்று. மூடிக்குள் பதிந்திருந்து பாட்டில் வாயை அடைக்கும் 'லைனர்' தமிழில் என்ன?

தமிழாசிரியர்:
உள்ளுறை. வாளுறை, தலையணையுறை போல. உள்ளுறை உவமம் படித்தவர்களுக்குப் பழகிய சொல்லும்கூட.

வேதியியலாளர்:
ஐயா, உறைதலைப் பற்றிய பக்கத்தில் உள்ளுறையா? 'உள்ளுறை உறைந்து விறைக்கும்' என்று வந்தால் உதவியாளர் எதை எடுத்துக்கொள்வார்? குக்கர் மூடியில் இருப்பதை வீட்டில் வாஷர் என்கிறோம். அதையே போடலாம்.

தமிழாசிரியர்:
பாலுக்கு ஊற்றும் உறையும், வாளின் உறையும், கீழடியில் கிடைத்த உறைகிணற்றின் சுடுமண் உறையும் ஒரே வேர் என்பது என் கருத்து. பற்றித் தங்குவதே உறை. தமிழில் சொல் இருக்க வாஷர் எதற்கு?

வேதியியலாளர்:
வேரைப் பிறகு பார்க்கலாம் ஐயா, மூடிக்கு வருவோம். குளிரில் பிளாஸ்டிக் மூடி கண்ணாடியைவிடப் பல மடங்கு சுருங்கும். பாலிபுரோப்பிலீன் சுழியம் பாகையை ஒட்டியே விறைக்கத் தொடங்கி, மைனஸ் 20இல் கீழே விழுந்தால் உடையலாம். பாலிஎத்திலீன் அந்தக் குளிரிலும் வளைந்து கொடுக்கும். அட்டை லைனர் ஈரத்தில் ஊறிவிடும். இதெல்லாம் படிப்பவருக்கு ஒரே வாசிப்பில் புரிய வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்:
உள்வட்டு? சொல்லிப் பார்த்தாலே பொருள் தெரிகிறது.

ஆய்வக ஆசிரியை:
எனக்கும் சரி என்றே படுகிறது.

வேதியியலாளர்:
கூம்பு வடிவ லைனரை என்ன செய்வது? பாட்டில் கழுத்துக்குள் இறங்கி உட்கார்ந்து அடைப்பது அது. வட்டு என்றால் தட்டையாக அல்லவா இருக்க வேண்டும்?

தமிழாசிரியர்:
உள்ளுறை என்றால் தட்டைக்கும் பொருந்தும், கூம்புக்கும் பொருந்தும்.

மொழிபெயர்ப்பாளர்:
அப்படியானால் தட்டைக்கு உள்வட்டு, கூம்புக்கு உள்கூம்பு.

ஆய்வக ஆசிரியை:
இரண்டையும் பொதுவாகச் சுட்ட ஒரு சொல் வேண்டுமே. அச்சகத்தில் நாளை கேட்கிறார்கள். இப்போதைக்கு 'உள்வட்டு' என்று போட்டு, படத்தில் இரு வடிவத்தையும் காட்டிவிடுகிறேன். மூவர் இதற்கு ஒப்புதல் தந்திருக்கிறீர்கள்.

தமிழாசிரியர்:
நான் தரவில்லை அம்மா. அடுத்த பதிப்புக்கு உள்ளுறையைக் குறித்து வையுங்கள்.