‘பேஸ்’ கடனுக்கு என்ன சொல்? ‘சொத்துக் கடன்’ வேண்டாமே

எல்லோருக்கும் வணக்கமுங்க.

அமெரிக்காவில் வீட்டுக் கூரையில் சோலார் போடக் கடன் தரும் ‘பேஸ்’ (PACE) திட்டத்துக்குத் தமிழில் ‘சொத்துக் கடன்’ என்று சொல்லலாம் என்று நம் சொற்பட்டியலுக்காக முந்தாநாள் இங்கே ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் காங்கேயத்தில் அந்தச் சொல்லைச் சொன்னால், பத்திரத்தைப் பேங்கில் வைத்து வாங்கும் கடன் என்றுதான் புரிந்துகொள்வார்கள். அதில் கடன் ஆளின் பேரில், சொத்து வெறும் ஈடு. பேஸில் கடனே வீட்டின் தலையில் ஏறுகிறது.

2008இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரம் தொடங்கி வைத்த ஏற்பாடு இது. கூரையில் சோலார் போடும் செலவுக்கு முதலில் பணம் கிடைத்துவிடும். வீட்டுக்காரர் அதை இருபது வருஷம்வரை வீட்டு வரியோடு சேர்த்துக் கட்டுவார். நடுவில் வீட்டை விற்றால், மீதித் தவணை வாங்கினவருக்குப் போகும். இந்தக் கடைசி விஷயம்தான் சொல்லில் தெரிய வேண்டும் என்கிறேன்.

காரணம் இருக்கிறது. மொத்தப் பணம் கையில் இல்லாதவருக்கு எந்தக் கடனும் உதவும். நம் பக்கம் பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு, பேங்க் கடனும் உண்டு. அப்படியும் தாராபுரத்தில் என் மாமனார் போடவில்லை. “அஞ்சு வருசத்துல இதை வித்துப்போட்டுப் பையன்கூடக் கோயமுத்தூர் போயிருவோம் மாப்பிள்ளை. தகட்டைக் கழட்டித் தலையில வெச்சுட்டா போறது?” என்றார். கொட்டேஷன் தாள் இன்னும் அவர் வீட்டு டிவிக்கு அடியில்தான் கிடக்கிறது. போட்ட காசு திரும்புமுன் வீடு கைமாறிவிடுமே என்கிற இந்தத் தயக்கத்துக்குத்தான் பேஸ் மருந்து. கலிஃபோர்னியாவில் அது வந்த ஊர்களில் கூரை சோலார் கூடியதாக ஆய்வுகள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் கணிப்பு.

‘வரிவழிக் கடன்’ என்றும் ஒரு யோசனை வந்தது. எப்படி வசூலிக்கிறார்கள் என்பது அதில் தெரிகிறது, யாரைத் தொடர்கிறது என்பது தெரியவில்லை. ‘வீட்டு வரிக் கடன்’ என்றால் வரி பாக்கி என்று நினைத்துக்கொள்வார்கள்.

என் பரிந்துரை: ‘வீட்டோடு கடன்’. வீட்டோடு மாப்பிள்ளை இருக்கலாம் என்றால் கடன் இருக்கக் கூடாதா! சட்ட நடைக்கு ‘மனைதொடர் கடன்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. வீடு கடனில் மூழ்கி ஏலத்துக்கு வந்தால், பேஸ் பாக்கி வரி பாக்கியைப் போல அடமானம் பிடித்த பேங்குக்கும் முன்னால் நிற்கும். 2010இல் அங்கே வீட்டுக்கடன் நிறுவனங்களைக் கண்காணிக்கும் அமைப்பு இதற்காகத்தான் முட்டுக்கட்டை போட்டது. பல ஊர்களில் திட்டம் நின்றது. இந்த முன்னுரிமைக்குப் புதுச்சொல் செதுக்க வேண்டாம், ‘முன்வில்லங்கம்’ போதும். நிலம் வாங்கப் போகிற எவரும் முதலில் வில்லங்கம் போட்டுத்தானே பார்க்கிறார்கள்? பேச்சில் அந்தச் சொல்லுக்கு இருக்கிற தொல்லை என்கிற பொருளும் இங்கே பொருந்துகிறது: ஒப்பந்தக்காரர்கள் வீடு வீடாகப் போய், கட்ட முடியாத முதியவர்கள் தலையிலும் கட்டியிருக்கிறார்கள். வீட்டுக்காரர்களுக்குப் போதிய பாதுகாப்பு இல்லை என்று லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்ட நிர்வாகம் 2020இல் வீடுகளுக்கான திட்டத்தையே நிறுத்திவிட்டது.

— காங்கேயத்திலிருந்து

தம்பி,

சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு நெருடல். வாங்க வருகிறவருக்குக் கடன் கொடுக்கும் நிறுவனம், “முதலில் அந்தப் பாக்கியைத் தீர்த்துவிட்டு வாருங்கள்” என்று சொல்வதும் அங்கே உண்டு. அப்போது விற்கிறவர்தான் முழுசும் கட்ட வேண்டும். உங்கள் வீட்டோடு மாப்பிள்ளையைப் பெட்டியோடு வெளியே அனுப்புகிற கதை! விளக்கத்தில் இதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ‘முன்வில்லங்கம்’ எனக்குச் சம்மதம். அப்புறம், மாமனாரிடம் கேட்டதாகச் சொல்லுங்கள்.

— கோபியிலிருந்து

சரிங்க ஐயா, சேர்த்துவிடுகிறேன். ‘மனைதொடர் கடன்’ தலைச்சொல், ‘வீட்டோடு கடன்’ பேச்சு வழக்கு என்று பட்டியலில் போடுகிறேன். ‘முன்வில்லங்கம்’ பற்றிப் பதிவுத்துறையில் வேலை பார்த்தவர்கள் யாராவது ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் நல்லது.