கோவளம் கரையில் தூண்டிலுக்கு என்ன இரை?

கேள்வி: இறாலை மாட்டி வீசினால் அலையிலேயே கழன்றுவிடுகிறது, மிச்சத்தை நண்டு தின்றுவிடுகிறது. கிழங்கான் மீன் வேண்டும், கிடைத்தால் பாறை மீனும். எந்த இரை நிற்கும்?

பதில்: பாறைக்குக் கணவாய்தான் சார். தோலை உரித்து விரல் நீளத்துக்குப் பட்டையாக நறுக்கி, தூண்டில் முள்ளில் இரண்டு தடவை குத்தி முனையை மட்டும் வெளியே விடுங்கள், எவ்வளவு வேகமாக வீசினாலும் கழலாது. கிழங்கானுக்கு வாய் சின்னது. சின்ன முள், கடல் புழு.

பதில்: இறாலையும் விட வேண்டாம். ஓட்டை உரித்து, கல்லுப்பு தூவி ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வையுங்கள், சதை இறுகிவிடும். மேலே எலாஸ்டிக் நூல் நாலு சுற்று.

பதில்: கொடுவா மீன் பிடிக்க ஆசை இருந்தால் முட்டுக்காடு முகத்துவாரத்தில் உயிருள்ள மடவை மீனை இரையாகப் போடுங்கள். மத்தி போட்டால் பெரும்பாலும் கெளுத்திதான், அதன் முள் குத்தினால் கை வீங்கும், பார்த்துக் கழற்றுங்கள்.