வன்பொருள் மாற்றிய பிறகு ஃபேக்டரி ரீசெட்: உங்களுக்கு என்ன நேர்ந்தது?

நீலவானம்:
மதர்போர்டு பழுதானதால், என் மடிக்கணினியில் அதே மாடலுக்கான புதிய போர்டைப் பொருத்தித் தந்தார்கள். கோப்புகள் வேறிடத்தில் பத்திரமாக இருந்தன; ஆகவே எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கலாம் என்று, கணினி வாங்கியவுடன் உருவாக்கி வைத்த ரெக்கவரி யூஎஸ்பியைச் செருகினேன். இந்த மீட்பு ஊடகம் இந்தக் கணினிக்கு உரியதன்று என்ற ஒற்றை வரி திரையில் வந்தது. அந்த வரி இன்னும் என்னை உறுத்துகிறது. அதே உறை, அதே திரை, அடியில் ஒட்டியிருக்கும் அதே வரிசை எண். கணினியைத் துவக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸைத் திறந்தபோதுதான், மாடல் பெயரும் வரிசை எண்ணும் இருக்க வேண்டிய இடங்கள் வெறுமையாக இருப்பதைக் கண்டேன். ரெக்கவரி மென்பொருள் போர்டில் பதிந்த விவரங்களைத்தான் படிக்கிறது. ஒட்டியிருக்கும் தாளை அன்று. பழுதுபார்த்தவர் அந்த எண்களைப் பதிவுசெய்து கொடுத்த பிறகு அதே யூஎஸ்பி தடையின்றி வேலை செய்தது. போர்டை மாற்றுகிறவர்கள் இதைச் செய்து முடித்துத்தானே கணினியைத் திருப்பித் தர வேண்டும்?

கருங்குயில்:
எனக்குச் சிக்கல் வட்டில். ஹார்டு டிஸ்க் செயலிழந்ததால், அதற்குப் பதிலாக எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகத்தைப் பொருத்தினேன். எஃப் 11 விசையை அழுத்தினால் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பலாம் என்று கையேடு சொல்கிறது. அழுத்தினால், துவக்குவதற்கு எந்தச் சாதனமும் இல்லை என்ற செய்திதான் வருகிறது. மீட்புக் கோப்புகளுக்கென்று வட்டில் ஒதுக்கிய பகுதியான ரெக்கவரி பார்ட்டிஷன் பழைய வட்டோடு போய்விட்டது. வட்டை மாற்றினால் இந்த விசை பயன்படாது என்று கையேட்டில் ஒரு சொல்கூட இல்லை.

செந்தூரம்:
போர்டு மாற்றிய என் தங்கையின் கணினியை இயக்கியவுடன், வட்டைப் பூட்டிக் காக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கரின் நீலத்திரை 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டது. வட்டைத் திறக்கும் சாவியைக் காத்து வந்த டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லு பழைய போர்டில் இருந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸை நிறுவும் வழி திறந்தே இருந்தது. ஆனால் அவளுடைய படங்கள் அனைத்தும் அந்த வட்டில்தான் இருந்தன. அவளுடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் சேமிக்கப்பட்டிருந்தது. ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதிகளைத் தொலைபேசியில் அவள் வாசிக்க, நான் தட்டச்சு செய்தேன். கடைசித் தொகுதியை வாசிக்கும்போது அவள் குரல் நடுங்கியதை மறக்க முடியவில்லை.

தொலைநோக்கி:
கருங்குயில் சொல்வதை நான் ஏற்கவில்லை. பார்ட்டிஷன் போனதால் பெரிய இழப்பு ஒன்றும் இல்லை. விண்டோஸ் 8 முதல், உற்பத்தியாளர் நிறுவித் தரும் கணினிகளில் உரிம எண் பொதுவாக போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருளான ஃபர்ம்வேரில் இருக்கிறது. வட்டை மட்டும் மாற்றினால், அதே பதிப்பைப் புதிதாக நிறுவும்போது அந்த எண் தானாகவே எடுத்துக்கொள்ளப்படும். போர்டை மாற்றுகிறவர்கள்தான் கவலைப்பட வேண்டும். எனக்கு நேர்ந்தது வேறு: நிறுவல் திரையில் எஸ்எஸ்டியே தென்படவில்லை, சேமிப்பகத்தை நிர்வகிக்கும் இன்டெல் விஎம்டி வசதிக்கான டிரைவரை யூஎஸ்பியிலிருந்து ஏற்றிய பிறகுதான் தென்பட்டது. இனி யாராக இருந்தாலும், கணினியைத் திறக்கும் முன்பே 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட யூஎஸ்பியில் நிறுவல் ஊடகத்தை உருவாக்குங்கள், சேமிப்பகத்துக்கும் வைஃபைக்கும் உரிய டிரைவர்களை அதிலேயே வையுங்கள், பிட்லாக்கரை இடைநிறுத்துங்கள், மீட்பு எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள், 2016இல் வந்த 1607 பதிப்பு முதல் விண்டோஸ் 10இல் உள்ள வசதிப்படி டிஜிட்டல் உரிமத்தை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்துவிடுங்கள். வட்டை அப்படியே நகலெடுத்துக் குளோன் செய்கிறவர்கள், ரீஏஜென்ட்சி (reagentc) என்ற விண்டோஸ் கட்டளையால் மீட்புச் சூழல் இயங்கும் நிலையில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

கருங்குயில்:
தொலைநோக்கி, விண்டோஸை நிறுவ எனக்கும் தெரியும். நிறுவியும் விட்டேன், உரிமமும் செயல்படுகிறது. ஆனால் தொழிற்சாலை நிலை என்பது வெறும் விண்டோஸ் அன்று. என் கணினியின் திரைக்கென்றே தொழிற்சாலையில் அளந்து உருவாக்கிய நிறக் கோப்பு அந்தப் பார்ட்டிஷனில் இருந்தது. படங்களைத் திருத்துவதுதான் என் தொழில். இப்போது தோலின் நிறம் எல்லாப் படங்களிலும் சற்றுச் சிவந்து தெரிகிறது. அந்தக் கோப்பை எந்த நிறுவல் ஊடகமும் தராது. வரிசை எண்ணைக் குறிப்பிட்டு உற்பத்தியாளருக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே பதிவிடுகிறேன்.