இருவர் படுக்கும் முகாம் டிரெய்லர்: ஆக்சில் (சக்கர அச்சு) எங்கே வரவேண்டும்?

கேள்வி:
நானும் மனைவியும் படுக்க மட்டும் ஒரு சின்ன டிரெய்லர் கட்டுகிறோம். 8 அடி நீளம், 5 அடி அகலம், பின்கதவைத் தூக்கினால் சமையல் மேடை. இரும்புச் சட்டம் தயார். ஆக்சிலைச் சரியாக நடுவில் வைக்கலாமா? சுவருக்கு 12 மி.மீ. பிளைவுட் போதுமா?

பதில் 1:
நடுவில் மட்டும் வேண்டாங்க. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் காரின் கொக்கியில் இறங்கணும். 400 கிலோ என்றால் 40 முதல் 60 கிலோ. என் முதல் வண்டியில் அடுப்பு, தண்ணீர் கேன் எல்லாமே பின்னால்தான். ஒரு இறக்கத்தில் வால் ஆட ஆரம்பித்து காரையே அலைக்கழித்தது. ஓரமாக நிறுத்திய பிறகும் கை நடுக்கம் நிற்கவில்லை. அதனால் இப்போதே வெல்டிங் வைக்காதீர்கள். போல்ட்டில் பிடித்து, மெத்தை முதல் பாத்திரம் வரை ஏற்றி, டிரெய்லரை மட்டமாக நிறுத்தி, முன்முனைக்கு அடியில் எடைக்கருவி வைத்துப் பாருங்கள். குறைந்தால் ஆக்சிலைப் பின்னுக்கு நகர்த்துங்கள்.

பதில் 2:
12 மி.மீ. தாராளம். வெட்டிய விளிம்புகள்தான் தண்ணீர் குடிக்கும், அங்கே எபாக்ஸி (நீர் புகாத பிசின்) இரண்டு கை பூசுங்கள். கூரையில் ஒரு காற்றுப்போக்கியும் கீழே ஒரு திறப்பும் கட்டாயம். இரண்டு பேர் மூச்சுக்கே விடிகாலையில் கூரை சொட்டும்.

கேள்வி கேட்டவர்:
நல்லவேளை கேட்டேன். சனிக்கிழமை எடை பார்த்துவிட்டு எத்தனை கிலோ என்று இங்கே போடுகிறேன்.